ஒளியை விழுங்க மறுக்கும் அணுக்கள்

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ராபர்ட் வுட்டும் அவருடைய உடனாய்வாளர் அலெக்சாண்டர் எலெட்டும் 1923இல் பாதரச ஆவியைப் பற்றிய ஒரு சோதனையை வெளியிட்டார்கள். குவார்ட்ஸ் குமிழுக்குள் சிறிது பாதரச ஆவி, அதன்மேல் 253.7 நானோமீட்டர் அலைநீளமுள்ள புறஊதா ஒளி. ஆவி அந்த ஒளியை விழுங்கி, அதே அலைநீளத்தில் பக்கவாட்டில் மீண்டும் உமிழும். விழுகிற ஒளியின் மின்புலம் ஒரே கோட்டில் அதிர்ந்தால், உமிழப்படும் ஒளியும் பெரும்பாலும் அந்தக் கோட்டிலேயே அதிர வேண்டும். கருவியை ஒரு திசையில் வைத்தபோது அப்படித்தான் இருந்தது. வேறு திசைக்குத் திருப்பியதும் அந்த ஒழுங்கு குலைந்தது. குமிழும் ஆவியும் விளக்கும் அப்படியே இருக்க, மாறியது ஒன்றுதான்: புவியின் காந்தப்புலத்தோடு கருவி அமைந்திருந்த கோணம்.

இதற்கான விளக்கம் 1924இல் ஜெர்மனியின் கோட்டிங்கனிலிருந்து வந்தது. ஜேம்ஸ் பிராங்கிடம் முனைவர் பட்டத்துக்கு ஆய்ந்துகொண்டிருந்த வில்ஹெல்ம் ஹான்லே, கிளர்வுற்ற பாதரச அணுவை ஒரு திசையில் அதிரும் சிறு மின் இருமுனையாகக் கருதினார். ஒளியை உமிழும்வரை சராசரியாக 120 நானோநொடி அணு கிளர்ந்த நிலையில் இருக்கிறது. அந்த இடைவெளியில் காந்தப்புலம் இருமுனையின் அதிர்வுத் திசையைச் சுழற்றிவிடுகிறது. புலம் 60 மைக்ரோடெஸ்லா என்று வைத்துக்கொண்டு கணக்கிட்டால் அந்தச் சுழற்சி 50 பாகையைத் தாண்டுகிறது. புவியின் காந்தப்புலம் பால்டிமோரில் அன்று கிட்டத்தட்ட இந்த அளவுதான் இருந்தது. பாதரச அணுவின் ஆயுளும் புவிப்புலத்தின் வலிமையும் இப்படிப் பொருந்தியது ஒரு தற்செயல். அந்தத் தற்செயல்தான் இந்த விளைவைக் கண்ணுக்குக் கொண்டுவந்தது. புலம் ஒளியின் அதிர்வுக் கோட்டோடு இணையாக இருந்தால் சுழற்றுவதற்கு எதுவும் இல்லை, ஒரே கோட்டில் அதிரும் ஒழுங்கு, அதாவது ஒளியின் முனைவாக்கம், குலையாது. செங்குத்தாக இருந்தால் குலைகிறது.

குவாண்டம் இயக்கவியல் முழு வடிவம் பெறுவதற்கு ஓராண்டு முன்பே இது நடந்தது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். ஓர் அணு ஒரே நேரத்தில் பல நிலைகளின் கலவையில் இருக்க முடியும், அந்தக் கலவைக்கு ஒரு திசை உண்டு, அத்திசையை வெளியிலிருந்து திருப்ப முடியும் என்ற மூன்று செய்திகளும் ஹான்லேயின் பாதரசக் குமிழுக்குள் இருந்தன. 1925இல் ஹைசன்பெர்க் உமிழ்வொளியின் முனைவாக்கம் குறித்துத் தனிக் கட்டுரையே எழுதினார். இருந்தும் ஹான்லே விளைவு நம் பாடத்திட்டங்களில் ஓர் அடிக்குறிப்பின் இடத்தைக்கூடப் பெறுவதில்லை. காந்தப்புலம் நிறமாலைக் கோடுகளைப் பிளக்கும் ஸீமன் விளைவுக்குக் கிடைத்த புகழில் பாதியாவது இதற்கும் உரியது என்பது என் கருத்து.

ஓர் ஆவி ஒளியை எவ்வளவு விழுங்கும் என்று கேட்டால், கல்லூரியில் படித்தவர்கள் பீர்-லாம்பர்ட் விதியைச் சொல்வார்கள்: அடர்த்தி, தடிமன், அலைநீளத்துக்கேற்ற ஓர் உட்கவர் எண், இவற்றைக் கொண்டு விடை கிடைத்துவிடும். மெல்லிய, சாதாரண ஒளிக்கு அது போதும். லேசர் வந்தபின் போதவில்லை. லேசர் ஒளி அணுவின் நிலையைப் படித்துப் பார்ப்பதோடு நிற்பதில்லை, அதை மாற்றியும் அமைக்கிறது. அப்படி மாற்றப்பட்ட அணு அடுத்த ஃபோட்டானை ஏற்குமா, மறுக்குமா என்பது இரண்டு திசைகளுக்கு இடையிலான கோணத்தைச் சார்ந்தது. ஒன்று ஒளியின் முனைவாக்கத் திசை, மற்றொன்று காந்தப்புலத்தின் திசை. இந்தக் கோணத்தைச் சொல்லாமல் உட்கவர் எண்ணை மட்டும் சொல்வது அரைகுறைத் தகவல்.

இன்று இதை ஆராய்வோர் பெரும்பாலும் எடுத்துக்கொள்வது ருபீடியத்தை. 39 பாகை செல்சியஸில் உருகும் மென்மையான உலோகம். வெற்றிடமாக்கிய கண்ணாடிக் கலத்துக்குள் ஒரு துளி இட்டாலே போதும். அறை வெப்பத்திலேயே ஒவ்வொரு கன சென்டிமீட்டரிலும் ஏறத்தாழ 1,000 கோடி அணுக்கள் ஆவியாக உலவும். அதன் வலுவான நிறமாலைக் கோடுகளில் ஒன்று 780 நானோமீட்டரில் இருக்கிறது. குறுந்தகடு இயக்கிகளுக்காக லட்சக்கணக்கில் தயாரிக்கப்பட்ட மலிவான டயோடு லேசர்களின் அலைநீளமும் அதுவே. இந்தப் பொருத்தம் மட்டும் இல்லாதிருந்தால், அணு ஒளியியல் இத்தனை சிறிய ஆய்வகங்களுக்குள் நுழைந்திருக்காது.

ருபீடியம்-87 அணுவின் அடிநிலை இரண்டு மட்டங்களாகப் பிளந்திருக்கிறது. ஒன்றின் மொத்தச் சுழற்சி எண் 1, மற்றதன் எண் 2. சுழற்சி எண் 1 என்றால் அந்த மட்டத்துக்குள் மூன்று திசைநிலைகள் உண்டு: கூட்டல் 1, சுழி, கழித்தல் 1. சுழற்சி எண் 2 என்றால் ஐந்து. காந்தப்புலமே இல்லாதபோது இந்தத் திசைநிலைகளின் ஆற்றல் ஒன்றாகவே இருக்கும். ஆனால் ஒளிக்கு அவை ஒன்றல்ல. நேர்கோட்டில் அதிரும் ஒளி, அதிர்வுக் கோட்டையே அச்சாகக் கொண்டால், அணுவின் திசை எண்ணை மாற்றாமல் மேலே ஏற்றும். வட்டமாகச் சுழலும் ஒளி, தன் செல்திசையை அச்சாகக் கொண்டால், அந்த எண்ணை ஒன்று கூட்டியோ ஒன்று குறைத்தோ ஏற்றும்.

சுழற்சி எண் 1 உள்ள அடி மட்டத்திலிருந்து சுழற்சி எண் 1 உள்ள மேல் மட்டத்துக்கு அணுவை ஏற்றும் லேசரை எடுத்துக்கொள்வோம். ஒளி நேர்கோட்டு முனைவாக்கம் கொண்டது. கூட்டல் 1, கழித்தல் 1 நிலைகளில் உள்ள அணுக்கள் ஃபோட்டானை விழுங்கி மேலே போகின்றன. சுழி நிலையில் உள்ள அணுவால் மட்டும் முடியாது. சுழியிலிருந்து சுழிக்கு ஏறுவதைச் சமச்சீர்மை தடுக்கிறது. மேலே போன அணுக்கள் 27 நானோநொடியில் கீழே விழுகின்றன. எங்கு விழுவது என்பது தற்செயல். விழுந்த இடம் கூட்டல் 1 அல்லது கழித்தல் 1 என்றால் ஒளி மறுபடி தூக்கிவிடும். சுழி நிலையில் விழுந்துவிட்டால் அங்கேயே தங்கிவிடும். சில சுற்றுகளுக்குள் அந்த மட்டத்தில் எஞ்சிய அணுக்கள் எல்லாம் சுழி நிலையில் குவிகின்றன. லேசர் சரியான அலைநீளத்தில்தான் இருக்கிறது, அணுக்களும் இருக்கின்றன, ஆனால் விழுங்க ஆளில்லை. ஒளி கலத்தைத் தாராளமாகக் கடந்து போகிறது. இப்படி ஒளியாலேயே அணுக்களை ஒரு நிலையில் கொண்டு சேர்க்கும் ஒளியிறைப்பு முறையை 1950இல் முன்வைத்தவர் பிரான்சின் ஆல்ஃபிரட் காஸ்லர். 1966இன் இயற்பியல் நோபல் பரிசு அவருக்குத் தரப்பட்டது. ஃபோட்டானை ஏற்க இயலாத அந்த நிலைக்கு இருள்நிலை என்று பெயர்.

இப்போது காந்தப்புலத்தைக் கொண்டுவருவோம். புலம் ஒளியின் அதிர்வுக் கோட்டோடு இணையாக இருந்தால் சுழி நிலை சுழி நிலையாகவே இருக்கும். புலத்தை எவ்வளவு கூட்டினாலும், லேசரின் அதிர்வெண்ணோடு அணு ஒத்துப்போகும்வரை, இருள்நிலை கலையாது. புலம் அந்தக் கோட்டுக்குச் செங்குத்தாக இருந்தால் கதை வேறு. சாய்ந்து சுழலும் பம்பரத்தின் தலை நிலைக்குத்தைச் சுற்றி வருவதுபோல, அணுவின் சுழற்சித் திசையும் புலத்தைச் சுற்றி வருகிறது. ஒளி ஒரு கோட்டில் வரிசைப்படுத்தி வைத்ததைப் புலம் திருப்பிவிடுகிறது. திரும்பிய அணு ஒளியின் கண்ணில் இனி சுழி நிலையில் இல்லை. கூட்டல் 1, கழித்தல் 1 நிலைகளின் கலவையாகிவிட்டது. அது மறுபடி ஒளியை விழுங்குகிறது. ஆகவே காந்தப்புலத்தை எதிர்மதிப்பிலிருந்து சுழி வழியாக நேர்மதிப்புக்கு மெல்ல மாற்றிக்கொண்டே கலத்தைக் கடந்துவரும் ஒளியை அளந்தால், சுழிப் புலத்தில் கூர்மையான ஓர் ஒளிச் சிகரம் எழும்.

வட்ட முனைவாக்கத்துக்கு மாறினால் விளைவு அப்படியே இருக்கும், அச்சு மட்டும் மாறும். வட்ட ஒளி அணுக்களைத் தன் செல்திசையை ஒட்டி ஒருபக்கமாக அடுக்குகிறது. அதனால் கற்றையின் வழியே அமைந்த புலம் எதையும் கலைப்பதில்லை. குறுக்கே அமைந்த புலம் கலைக்கிறது. நேர்கோட்டு ஒளியிலோ கற்றையின் வழியே அமைந்த புலமும் கலைக்கும். ஏனென்றால் அந்த ஒளியின் அதிர்வுக் கோடு கற்றைக்குக் குறுக்காக இருக்கிறது. லேசர் கற்றையின் பாதையில் ஒரு கால் அலைத்தகட்டை வைத்து 45 பாகை திருப்பினால் நேர்கோட்டு ஒளி வட்ட ஒளியாகிவிடும். அந்தச் சிறு திருப்பத்தில், ஆவியை ஒளியை விழுங்க வைத்த, கற்றையின் வழியே அமைந்த அதே புலம் எந்த விளைவும் இல்லாத புலமாக மாறிவிடுகிறது.

நான் விவரித்தது தூய்மையான வடிவம். உண்மையான கலத்தில் மேலே போன அணுக்களில் பெரும்பகுதி அடிநிலையின் இன்னொரு மட்டத்தில் விழுந்து லேசரின் பிடியிலிருந்தே தப்பிவிடும். அதனால் ஆய்வாளர்கள் ருபீடியத்தின் இன்னொரு வலுவான கோடான 795 நானோமீட்டர் கோட்டில், சுழற்சி எண் 2 உள்ள அடி மட்டத்திலிருந்து எண் 1 உள்ள மேல் மட்டத்துக்கு ஏறும் தாவலை விரும்புகிறார்கள். அங்கே கசிவு குறைவு. அங்குள்ள மேல் மட்டங்கள் இரண்டும் ஒன்றுக்கொன்று 800 மெகாஹெர்ட்ஸுக்கும் மேல் விலகி நிற்பதால், அணுக்களின் ஓட்டத்தால் வரும் டாப்ளர் விரிவும் அவற்றைக் குழப்பிவிடுவதில்லை. கலத்தின் கண்ணாடிச் சாளரத்தில் உள்ள இறுக்கம்கூட நேர்கோட்டு ஒளியைச் சற்றே நீள்வட்டமாக்கிச் சிகரத்தைச் சாய்த்துவிடும். முனைவாக்கத்தைத் துப்புரவாக வைத்துக்கொள்வதுதான் இந்தச் சோதனைகளில் மிகுந்த பொறுமையைக் கேட்கும் வேலை.

எல்லாத் தாவல்களும் இருள்நிலை தருவதில்லை என்பது இந்தத் துறையில் பெரிய வியப்பை எழுப்பிய செய்தி. மேல் மட்டத்தின் சுழற்சி எண் அடி மட்டத்தைவிட ஒன்று கூடுதலாக இருந்தால் ஒளியிடமிருந்து அணு ஒதுங்க இடமே இல்லை. ருபீடியம்-87இல் 780 நானோமீட்டர் கோட்டின் 2இலிருந்து 3க்கான தாவல் அப்படிப்பட்டது. வட்ட ஒளி அணுக்களை எப்போதும் ஓர் ஓரத்துக்கு, கூட்டல் 2 நிலைக்குத் தள்ளுகிறது. அங்கிருந்து மேலேறும் வாய்ப்பு மறுகோடியான கழித்தல் 2 நிலையிலிருந்து ஏறும் வாய்ப்பைப்போல் 15 மடங்கு. அதாவது, ஒளியை மிகுதியாக விழுங்கக்கூடிய நிலைக்கே ஒளி அணுக்களை இட்டுச்செல்கிறது. இங்கே குறுக்குப்புலம் செய்யும் வேலை தலைகீழானது: அடுக்கைக் கலைத்து உட்கவர்தலைக் குறைக்கிறது. சுழிப் புலத்தில் சிகரம் எழுந்த இடத்தில் இப்போது பள்ளம் விழுகிறது. அக்குல்ஷின், பாரெய்ரோ, லெசாமா ஆகிய மூவரும் 1998இல் ருபீடிய ஆவியில் இந்தக் கூடுதல் உட்கவர்தலைக் காட்டினார்கள். கிளர்ந்த நிலையில் உருவான ஒழுங்கை அணு கீழே விழும்போது தன்னோடு அடிநிலைக்குக் கொண்டுவருவதே இதற்குக் காரணம் என்று அடுத்த ஆண்டே ரஷ்யாவின் தாய்ச்செனாச்சவ், துமாய்க்கின், யூதின் ஆகியோர் கோட்பாட்டு விளக்கம் தந்தார்கள். அந்த விளக்கத்தைச் சோதிக்க எளிய வழி உண்டு. கலத்துக்குள் ஒரு மந்த வாயுவை நிரப்பினால், அதன் மோதல்கள் கிளர்ந்த நிலையின் ஒழுங்கைக் குலைக்கும். ஒழுங்கு கீழே வந்து சேராது. கூடுதல் உட்கவர்தல் தேய்ந்து, பள்ளம் சிகரமாகிவிடவும் கூடும்.

இந்தச் சிகரங்களும் பள்ளங்களும் எவ்வளவு கூர்மையானவை என்பதில்தான் இவற்றின் பயன் இருக்கிறது. ஹான்லேயின் பாதரசத்தில் கடிகாரம் கிளர்ந்த நிலையின் ஆயுள். 120 நானோநொடிக்குள் புலம் தன் வேலையை முடித்தாக வேண்டும், அதனால் கணிசமான புலம் தேவைப்பட்டது. அடிநிலையில் இருக்கும் அணு எதையும் உமிழ வேண்டியதில்லை. லேசர் கற்றையை விட்டு வெளியேறும்வரையிலோ, ஏதாவதொன்றில் மோதித் திசையை இழக்கும்வரையிலோ அது தன் ஒழுங்கை வைத்திருக்கும். ருபீடிய அணுக்கள் அறை வெப்பத்தில் நொடிக்கு ஏறத்தாழ 270 மீட்டர் வேகத்தில் பறக்கின்றன; ஒரு மில்லிமீட்டர் கற்றையை 4 மைக்ரோநொடியில் கடந்துவிடும். ருபீடியம்-87இன் சுழற்சி ஒவ்வொரு நானோடெஸ்லாவுக்கும் நொடிக்கு 7 சுற்று. 40 மைக்ரோடெஸ்லா புவிப்புலத்தில் அந்த 4 மைக்ரோநொடிக்குள் அணு ஒரு முழுச் சுற்றுக்கும் மேல் சுற்றிவிடுகிறது. ஆகவே புவிப்புலத்தை மறைக்கும் மியூ-உலோக உறைகளோ, அதை எதிர்த்து நீக்கும் கம்பிச்சுருள்களோ இல்லாமல் இந்தச் சோதனையை நடத்த முடியாது.

அணு நீண்ட நேரம் தங்கினால் புலத்தை இன்னும் நுட்பமாக உணரும். கலத்தின் உட்சுவரில் பாரஃபின் பூசினால் அணு ஆயிரக்கணக்கான தடவை சுவரில் மோதியும் திசையை இழப்பதில்லை. டெமெல்ட் குழுவினர் 1958இலேயே இதைக் காட்டியிருந்தார்கள். பாரிஸில் துபோன்-ரோக், அரோஷ், கோஹன்-தனூஜி மூவரும் 1969இல் ருபீடியம்-87இன் சுழிப்புலச் சிகரத்தைக்கொண்டு டெஸ்லாவின் பத்து லட்சம் கோடியில் ஒரு பங்கு வரையிலான புலத்தைக் கண்டுபிடித்தார்கள். அவர்கள் பயன்படுத்தியது லேசரை அல்ல, விளக்கை. 1998இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் பட்கர் குழுவினர் பாரஃபின் கலத்தில் ஒரு ஹெர்ட்ஸ் அளவுக்கு மெல்லிய ஒத்திசைவுகளைப் பெற்றார்கள். அங்கே அவர்கள் அளந்தது ஒளியின் அளவு குறைவதை அல்ல. புலம் அணுக்களைத் திருப்பும்போது ஒளியின் முனைவாக்கத் தளமே திரும்புவதை.

சுழிப்புலத்தை ஒட்டிய இந்த உணர்திறன்தான் மருத்துவத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது. மூளையின் நரம்பணுக்கள் கூட்டாக இயங்கும்போது தலைக்கு வெளியே எழும் புலம் சில நூறு ஃபெம்டோடெஸ்லாதான். புவிப்புலத்தில் ஏறத்தாழ பத்துக் கோடியில் ஒரு பங்கு. இதை அளக்க மைனஸ் 269 பாகையில் திரவ ஹீலியத்தில் மூழ்கிய மீக்கடத்திக் கருவிகளே நெடுங்காலம் பயன்பட்டன. பிரின்ஸ்டனில் ரொமாலிஸ் குழு வேறு வழியைத் திறந்தது. ஆவியைச் சூடாக்கி அடர்த்தியைக் கூட்டினால் அணுக்கள் ஒன்றோடொன்று அடிக்கடி மோதி ஒழுங்கு குலையும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். புலம் மிகச் சிறிதாகவும் மோதல்கள் சுழற்சியைவிட மிக வேகமாகவும் இருக்கும்போது அந்தக் குலைவே அடங்கிவிடுகிறது. 2003இல் அவர்களின் கருவி ஒரு ஃபெம்டோடெஸ்லாவுக்கும் குறைவான நுண்மையை எட்டியது. 2018இல் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகமும் லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியும் ருபீடியக் கலங்களைத் தலைக்கவசத்தில் பொருத்தி, அணிந்தவர் தலையசைக்கும்போதே மூளையின் புலங்களைப் பதிவுசெய்தன. அதிலும் பெரிய சிக்கல் கூர்மையிலிருந்தே வந்தது. உணரியின் செயற்பரப்பு ஓரிரு நானோடெஸ்லாதான்; உறையிட்ட அறையிலும் எஞ்சியிருக்கும் புலத்துக்குள் தலை அசைந்தாலே அந்த எல்லை கடந்துவிடும். அணிபவரின் இருபுறமும் கம்பிச்சுருள் பலகைகளை நிறுத்தி எஞ்சிய புலத்தை நீக்கிய பிறகே அந்த அளவீடு கைகூடியது.

புவிப்புலத்தையே அளக்க வேண்டியிருந்தால் சுழிக்கு இறக்க முடியாது. அங்கே ஆவியின் இன்னொரு குணம் உதவுகிறது. இத்தாலியின் பீசாவில் 1976இல் அல்செத்தா, கோத்சீனி, மோயி, ஓரியோல்ஸ் ஆகியோர் சோடிய ஆவிக் கலத்தின் நீளத்தில் புலம் சீராக மாறும்படி வைத்து, ஒரே நேரத்தில் பல அதிர்வெண்களில் இயங்கும் லேசரை உள்ளே விட்டார்கள். மஞ்சளாக ஒளிர்ந்த பாதையில் இடையிடையே இருண்ட துண்டுகள் தெரிந்தன. லேசரின் இரண்டு அதிர்வெண்களின் வித்தியாசமும் அந்த இடத்துப் புலத்தில் அணுவின் இரண்டு அடிமட்டங்களின் வித்தியாசமும் சரியாகப் பொருந்தி, அணுக்கள் இருள்நிலைக்குச் சென்ற இடங்கள் அவை. புலம் எங்கே எவ்வளவு என்பதை ஆவியே தன் உடலில் குறித்துக் காட்டியது. இவ்வகை அளவீட்டில் புலத்தின் வலிமை அதிர்வெண்ணாகக் கிடைக்கிறது. அதிர்வெண்ணைவிடத் துல்லியமாக மனிதர்களுக்கு எதையும் அளக்கத் தெரியாது.

ஆனால் கோணம் இங்கேயும் விடுவதில்லை. வட்ட ஒளியில் இயங்கும் பழைய வகைக் காந்தமானிகளில், புலத்துக்கும் கற்றைக்கும் இடையே சில கோணங்கள் வாய்த்தால் சைகையே மறைந்துவிடும். அவற்றை மரித்த மண்டலங்கள் என்கிறார்கள். லண்டனில் புவிப்புலம் கிடைமட்டத்திலிருந்து ஏறத்தாழ 66 பாகை கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கிறது. நிலைக்குத்தான கற்றை அதனோடு 24 பாகை கோணத்தில் அமையும், சைகை நன்றாகவே கிடைக்கும். தமிழ்நாட்டின் தென்கோடி காந்த நடுக்கோட்டை ஒட்டியது. இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் அமைந்துள்ள திருநெல்வேலியில் புலம் கிட்டத்தட்டக் கிடைமட்டமாக, வடக்கு நோக்கிப் படுத்திருக்கிறது. லண்டனில் ஒழுங்காக இயங்கிய அதே அமைப்பை அங்கே கொண்டுவந்து வைத்தால் கற்றையும் புலமும் செங்குத்தாகிவிடும். மரித்த மண்டலம் அதுதான். தரையில் கருவியைச் சாய்த்துச் சமாளிக்கலாம். துருவத்துக்கும் நடுக்கோட்டுக்கும் இடையே ஒன்றரை மணி நேரத்தில் உலகைச் சுற்றும் செயற்கைக்கோளில் அது இயலாது.

ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் 2013 நவம்பரில் ஏவிய ஸ்வார்ம் செயற்கைக்கோள்கள் மூன்றிலும் பிரான்சில் உருவான ஹீலியம்-4 காந்தமானிகள் உள்ளன. அவற்றின் லேசர் 1083 நானோமீட்டரில், நேர்கோட்டு முனைவாக்கத்தில் இயங்குகிறது. காந்தத்தன்மையற்ற ஒரு சிறு பீசோ மோட்டார் ஒளியின் அதிர்வுக் கோட்டைத் திருப்பிக்கொண்டே இருந்து, புலம் எந்தப் பக்கம் இருந்தாலும் அதற்குச் செங்குத்தாக நிறுத்துகிறது. 2023 ஏப்ரலில் வியாழனின் நிலவுகளை நோக்கிப் புறப்பட்ட ஜூஸ் விண்கலத்தில், ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் உருவான ருபீடிய இருள்நிலைக் காந்தமானி இருக்கிறது. அதில் அசையும் உறுப்பு எதுவும் இல்லை. புலம் கற்றையோடு சேரும் கோணம் மாறும்போது, ஒரு தொகுதி இருள்நிலை ஒத்திசைவுகள் மங்கும், வேறொரு தொகுதி வலுக்கும். கருவி மங்கியதை விட்டு வலுத்ததற்குத் தானாகவே மாறிக்கொள்கிறது.